ஆணி வரிசை

சிமெண்ட் ஷீட் கூரையில் ஏறுகிறவன் ஆணி வரிசையைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். ஆணி இறங்கியிருக்கும் இடத்துக்கு அடியில்தான் சட்டம் ஓடுகிறது. இரண்டு வரிசைக்கு நடுவில் மிதித்தால் ஷீட் வளையாது, முனகாது. ஒரே சத்தத்தில் உடைந்து ஆளை உள்ளே இறக்கிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் சாத்தூர்ப் பக்கத்து ஷீட் வேலைக்காரர். சொந்தமில்லை என்றாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஏணியும் அவருடையது, கயிறும் அவருடையது. முதல் நாள் நான் ஷூவோடு ஏறப்போனதைப் பார்த்து, "மாப்ள, அதக் கழட்டுங்க. வெறுங்காலுக்குத்தான் ஷீட்டு எங்க நெளியுதுன்னு தெரியும்" என்றார். வெறுங்காலோடு ஏறுவதென்றால் விருதுநகர் வெயிலில் காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அதனால் என் கூரை வேலை எல்லாமே விடிகாலை வேலையாகிப்போனது.

என் சொந்தத் தொழில் கூரை இல்லை. சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு காண்டிராக்டரிடம் சில வருஷம் நின்று, பிறகு தனியாக வந்தவன். வங்கிக்கடனுக்கு வீட்டு மதிப்பு போட்டுக் கொடுப்பேன். பழைய வீடு வாங்கப் போகிறவர்கள், "வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க சார்" என்று கூப்பிட்டால் தூக்குக்குண்டும் ரசமட்டமுமாகப் போவேன். எங்கள் ஊர் கரிசல் பூமி. மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அதன் மேல் போட்ட கடைக்கால் ஆழம் போதாவிட்டால் சுவரில் மூலைக்கு மூலை சரிவாக விரிசல் ஓடும். விரிசலைப் பார்த்து மண் பேசுகிறதா, கொத்தனார் பேசுகிறாரா என்று சொல்வதுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

2015-இல் கலர் ஷீட் கம்பெனி ஒன்றின் மதுரைக் கிளையிலிருந்து போன் வந்தது. வாரண்டி கேட்டு வரும் புகார்களை நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் முழுக்க என் பொறுப்பு. ஒரு வீட்டுக்கு 800 ரூபாய். மாதம் பத்துப் பன்னிரண்டு வீடு வரும் என்றார்கள். மாமாவுக்கு 300, பெட்ரோலுக்கு 100 போனால் கையில் நிற்பது 400. ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். சாயங்காலம் உட்கார்ந்து படங்களை ஒட்டிப் படிவம் நிரப்ப இன்னும் ஒரு மணி நேரம்.

காசுக் கணக்கில் பார்த்தால் பெரிய ஆதாயமில்லை. ஆனாலும் ஆசை இருந்தது. நான் பார்ப்பது பெரும்பாலும் புதிதாகப் போட்ட கூரை. அதே கூரை ஐந்தாம் வருஷம், எட்டாம் வருஷம் எப்படி ஆகிறது என்று பார்க்க யாரும் காசு கொடுத்து ஏற்றிவிடுவதில்லை. இது அதற்கொரு வழி. தயக்கமும் இருந்தது. இதுவரை எனக்குக் கூலி கொடுத்தவர் வீட்டுக்காரர். இனிமேல் வீட்டுக்காரர் யார்மேல் புகார் சொல்கிறாரோ அவர்களே கூலி கொடுக்கப் போகிறார்கள்.

எனக்கு முன்னோடியான ஒரு மதிப்பீட்டாளரிடம் கேட்டேன். எழுபது வயதுக்காரர், விருதுநகர் பஜாரில் பாதிக் கட்டடங்களுக்கு மதிப்பு போட்டவர். "அண்ணாச்சி, ஒத்துக்கிடலாமா?" என்றேன். "கூலி யார் குடுக்கான்னு பாக்காத தம்பி. இன்சூரன்ஸ் சர்வேயருக்கும் கம்பெனிதான் குடுக்கு. எழுதுற எழுத்துக்குத் தக்கன கூலி மாறுதான்னு பாரு" என்றார். கம்பெனியிடம் கேட்டேன். புகார் நிஜமானாலும் பொய்யானாலும் 800 தான் என்றார்கள். ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் டெக்ஸாசில் இருக்கும் என் சித்தி மகன் ஊருக்கு வந்திருந்தான். அங்கே அவனுக்கு வீடு பார்த்துச் சொல்வதே முழுநேரத் தொழில். அங்கத்திய கூரைகளில் ஷிங்கிள் என்று ஒன்று உண்டு. கண்ணாடி இழைப் பாயைத் தாரில் தோய்த்து, மேலே கல் குறுணையைத் தூவி, பட்டை பட்டையாக வெட்டி, மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடிப்பது. குறுணை உதிர்ந்தால், ஓரம் சுருண்டால், வீட்டுக்காரர் வாரண்டி கேட்பார். அவனுக்கும் அப்படிக் கூரை பார்க்கும் பக்க வேலை வந்திருந்தது. அவர்கள் சங்கத்தின் நெறிமுறையில் ஒரு விதி இருக்கிறது என்றான். கண்டறிந்ததைப் பொறுத்துக் கூலியோ, அடுத்து வரப்போகும் வேலையோ அமையும் என்றால் அந்தப் பார்வைக்கே போகக் கூடாது. 1976-இல் தொடங்கிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் விதி அது. கூலி பற்றிய பாதி எனக்கு உடனே புரிந்தது. அடுத்த வேலை பற்றிய பாதி புரிய நான்கு வருஷம் ஆனது.

முதல் வீடு திருத்தங்கல். கீழே ஓட்டு வீடாக இருந்ததை இடித்துத் தளம் போட்டு, மேலே ஷீட்டில் இரண்டு அறை எடுத்து வாடகைக்கு விட்டிருந்தார் ஒரு அம்மா. தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. "ஏழு வருச வாரண்டின்னுதான் தம்பி வாங்குனோம். நாலாவது மழைக்கே ஒழுகுது" என்று அட்டையை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் உறையில், ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார்.

ஏறிப் பார்த்தேன். கூரை நடுவில் ஒரு குறையும் இல்லை, பளபளவென்று இருக்கிறது. சுவரோடு ஷீட் சேரும் ஓரத்தில் கொத்தனார் சிமெண்ட் கலவையை அள்ளி வைத்து, கரண்டியால் அழகாக இழுத்துப் பூசியிருந்தார். பழைய ஓட்டுக் கூரைக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் அப்படித்தான் பூசுவது. கை பழகிய வேலை. மாமா உளியால் அந்தப் பூச்சைப் பெயர்த்தார். அடியில் ஷீட் சல்லடையாக இருந்தது.

இந்த ஷீட்டின் உயிர் அதன் பூச்சில் இருக்கிறது. அடியில் இரும்புத் தகடு. அதன்மேல் 55 சதம் அலுமினியமும் 43 சதத்துக்கு மேல் துத்தநாகமும் கொஞ்சம் சிலிக்கானும் கலந்த ஒரு மெல்லிய தோல். அதற்கும் மேலேதான் நிறம். 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கலவை இது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு இருந்தால் நல்ல ஷீட். எழுபது கிராமும் விற்கிறார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மழைத்தண்ணீருக்கு இந்தத் தோல் தாக்குப்பிடிக்கும். ஈரச் சிமெண்ட்டின் காரத்துக்குத் தாக்குப்பிடிக்காது. அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும். இரும்புக்குப் பக்கத்தில் சிமெண்ட் இருந்தால் பாதுகாப்பு என்பது கொத்தனாருக்குத் தெரிந்த பாடம். கம்பிக்கு அது சரி. இந்த ஷீட்டுக்கு அதுவே நஞ்சு.

கம்பெனிப் படிவத்தில் மூன்று கட்டம். தயாரிப்புக் குறை, பொருத்தியதில் குறை, சூழல் அல்லது பராமரிப்புக் குறை. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். இரண்டாவதில் அடித்தேன். அது உண்மைதான். ஆனால் கீழே இறங்கி வந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, அந்த ஒரு டிக்கில் உண்மை முழுதாக அடங்கவில்லை என்று தெரிந்தது. ஷீட் விற்ற கடைக்காரர், சிமெண்ட் படக்கூடாது என்று சொல்லவில்லை. ஷெட் போட்ட வெல்டிங் பட்டறைக்காரருக்கே அது தெரியாது. கொத்தனார் தனக்குத் தெரிந்ததைச் சுத்தமாகச் செய்தார். பொருத்தும் முறை பற்றிய கையேடு கம்பெனியிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், மதுரை ஆபீஸ் அலமாரியில். கடைக்கு வந்ததில்லை. இதையெல்லாம் குறிப்புப் பகுதியில் நான்கு வரி எழுதினேன்.

மறுவாரம் போன். "சார், டிக் கரெக்ட். கீழ எழுதியிருக்க நாலு வரி மட்டும் வேண்டாமே."

அந்த வரிகளை நான் எடுக்கவில்லை. காசு கொடுக்கிறவருக்குச் சாதகமான உண்மையை எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்கு அடுத்த வரியை எழுதும்போதுதான் கை நிற்கிறது. அதற்குப் பிறகு மூன்று நிபந்தனை வைத்தேன். நான் எழுதுவதன் நகல் ஒன்றை அன்றைக்கே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன். நான் மதிப்பு போட்ட வீடு, நான் மேற்பார்வை பார்த்த வீடு எதற்கும் வாரண்டி பார்க்கப் போக மாட்டேன். கூரையைச் சரிசெய்யும் வேலையை நானோ என் ஆட்களோ எடுக்க மாட்டோம். இரண்டாவதும் மூன்றாவதும் கம்பெனிக்குச் சந்தோஷம். நகல் விஷயத்தில் மூன்று வாரம் இழுத்தார்கள். கடைசியில், டிக் அடித்த பக்கம் கிடையாது, பார்த்ததை எழுதிய பக்கத்தை மட்டும் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.

அடுத்த வருஷம் வெம்பக்கோட்டைச் சாலையில் ஒரு பட்டாசு ஆலை. அட்டைப்பெட்டி அடுக்கும் கொட்டகைக் கூரையில் துரு. வாசலிலேயே இரண்டு போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மாமாவின் தீப்பெட்டியும் போயிற்று. இரும்பு ஏணியை உள்ளே விடவில்லை. ஆலையின் மூங்கில் ஏணியைக் கொடுத்தார்கள். கம்பெனியோ ஒவ்வொரு புகாருக்கும் பன்னிரண்டு போட்டோ கேட்கும். போர்மேனிடம் ஒரு பென்சில் இரவல் வாங்கி, கூரையைக் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்தேன். நான் எழுதிய அறிக்கைகளில் நல்ல அறிக்கை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். படம் எடுக்கும்போது கண் ஓடிவிடுகிறது. வரையும்போது நிற்கிறது.

வரைந்துகொண்டே வந்தபோதுதான் அந்தத் துரு ஒரு கோடாக ஓடுவது தெரிந்தது. முகட்டிலிருந்து தண்ணீர் வடியும் தகரக் காலுக்கு, ஒரு சாண் அகலத்தில். மற்ற இடமெல்லாம் சுத்தம். கோட்டின் தலையில் ஒரு செம்புப் பட்டை. இடிதாங்கியிலிருந்து தரைக்கு இறங்கும் பட்டையை ஷீட்டின்மேல் படுக்க வைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். வெடிமருந்து இருக்கும் கட்டடங்களுக்கு இடிதாங்கி இல்லாமல் தீராது; பக்கத்து மருந்து அறையின் இடிதாங்கிப் பட்டையைச் சுருக்கு வழியாக இந்தக் கொட்டகைமேல் இழுத்துவிட்டார்கள். செம்பில் பட்டு வடியும் மழைநீர் கொஞ்சம் செம்பையும் கரைத்துக்கொண்டு வரும். அது அலுமினிய, துத்தநாகத் தோலில் ஓடினால் தோல் கரைந்துபோகும். இரண்டு உலோகம் ஈரத்தில் சேர்ந்தால் இளைத்தது செத்துப்போகும் என்பார் மாமா. அவர் வேதியியல் படித்ததில்லை. செம்பு வாஷர் போட்ட தகரம் எப்படி ஆகிறதென்று முப்பது வருஷமாகப் பார்த்தவர். பட்டையைச் சுவர் வழியாக இறக்கச் சொல்லி எழுதினேன்.

படிவத்தில் எதை டிக் அடிப்பது? மதுரைக்காரர்கள் எதிர்பார்த்தது மூன்றாவது கட்டத்தை. சூழல்.

இந்தச் சூழல் என்ற கட்டத்தைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். நான் படித்த வாரண்டி அட்டைகள் எல்லாவற்றிலும் இப்படியொரு வரி இருந்தது: கடலோரம், ரசாயனக் காற்று உள்ள இடம், ஆலைப்புகை படும் இடம் ஆகியவற்றுக்கு இந்த வாரண்டி பொருந்தாது. சிவகாசியைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேலே பட்டாசு ஆலைகள். கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி புழங்கும் பூமி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாளிலிருந்து இந்த ஊருக்குச் சோறு போடுவது மருந்துதான். ரசாயனக் காற்று என்ற ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் மூன்று தாலுகாவிலும் ஒரு வீட்டுக்குக்கூட வாரண்டி கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் அந்தத் தாலுகாக் கடைகளில் அந்த அட்டையைக் கொடுத்து விற்றது எப்படிச் சரி?

காற்றினால் வந்த துரு என்றால் அது கூரை முழுக்கப் பரவலாக இருக்க வேண்டும். அதிலும் மழை கழுவாத இடத்தில், இறவாணத்துக்கு அடியில், ஷீட்டின் உள்மடிப்பில்தான் அதிகமாக இருக்க வேண்டும். அங்கேதான் தூசி தங்கும். மழை நன்றாக ஓடும் இடத்தில் மட்டும் துரு, அடியில் சுத்தம் என்றால் காற்றின்மேல் பழி போடக் கூடாது. இந்தச் சோதனையை நானாக வகுத்துக்கொண்டேன். அடுத்த மூன்று வருஷத்தில் அந்த மூன்றாவது கட்டத்தில் நான் டிக் அடித்த வீடுகள் இரண்டே இரண்டு. இரண்டும் ரசாயனக் கிட்டங்கியின் சுவரை ஒட்டியவை.

மற்றபடி வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. ஷீட்டைக் கத்தரியால் வெட்டாமல் கிரைண்டரில் வெட்டுவது. தீப்பொறியாகப் பறக்கும் இரும்புத்தூள் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு மழைக்கு மிளகு தூவியது போலத் துருப்புள்ளி வைக்கும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரைப் பிதுங்கும் வரை முறுக்குவது. இருபது அடி இரும்பு ஷீட் விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். தினமும் நீண்டு சுருங்கும் பொருளை இறுக்கிப் பிடித்தால் ஓட்டை பெரிதாகாமல் என்ன செய்யும்?

சிமெண்ட் ஷீட்டுக்கும் புகார் வரும், அது வேறு கம்பெனிக்காக. மேட்டில் துளை போடாமல் பள்ளத்தில் போட்டிருப்பார்கள். துரப்பணத்தால் துளைக்காமல் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்திருப்பார்கள். ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. அந்த ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருஷமாயிற்று. மாமா முப்பது வருஷம் அதை உலர்ந்தபடியே அறுத்தவர், முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல். நான் அவரோடு சேர்ந்த பிறகு தண்ணீர் தெளிக்காமல் துளை போட விட்டதில்லை, முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். அவர் இருமும்போதெல்லாம் எனக்கு அந்த முப்பது வருஷம் ஞாபகம் வரும். எந்த வாரண்டிப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

எங்கள் பகுதிக்கே உரிய புகார் இன்னொன்று உண்டு. "வெடிச் சத்தத்துல ஷீட்டு கீறிருச்சு சார்." 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். உதவிக்கு ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டாலும் ஜனங்கள் முதலில் ஆட்களைத் தேடுவார்கள். மறுநாள்தான் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போது கண்ணில் படும் கீறலெல்லாம் நேற்றைய வெடியால் வந்தது போலத் தோன்றும். கீறலின் வாயைப் பார்த்தால் வயது தெரியும். புதிய கீறல் வெளிர்சாம்பலாக, சுத்தமாக இருக்கும். பழைய கீறலில் கரி படிந்து, பாசி ஏறி, ஓரம் மழுங்கியிருக்கும். அதிர்வால் வந்தது என்றால் ஆலை இருக்கும் திசைப் பக்கச் சரிவில், ஆணித் துளைகளிலிருந்து கிளம்பும் கீறல்கள் ஒரே சமயத்தில் பலவாக இருக்கும்.

புதிய கீறலாகவே இருந்தாலும் ஷீட் கம்பெனி ஒன்றும் தராது. ஷீட் செய்தவருக்கும் வெடிக்கும் சம்பந்தமில்லை. கம்பெனிக்கு இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் நான் வங்கிக்கு மதிப்பு போடுகிறவன். வீட்டுக்கடன் கொடுக்கும்போது வங்கி தீ இன்சூரன்ஸ் ஒன்றையும் சேர்த்தே எடுப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலிசியில் வெடிவிபத்துச் சேதமும் உண்டு. 2021 ஏப்ரல் முதல் வந்திருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலும் உண்டு. கடன் வாங்கியவர்களில் பலருக்குத் தங்கள் பெயரில் பாலிசி இருப்பதே தெரியாது. தவணைப் புத்தகத்தோடு ஒரு தாள் இருக்கும், எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். சாத்தூரில் ஒரு வீட்டில் அப்படித் தேடி எடுத்து, ஷீட் மாற்றக் காசும் வாங்கினார்கள். அந்த 800 ரூபாய் வேலையில் அதுபோல ஒரு நாள் எனக்கு நிறைவு தந்ததில்லை.

2018 கடைசியில், அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டில் ஷீட்டின் நிறம் தோல் தோலாக உரிந்து வந்தது. மடிப்பு இருக்கும் இடத்திலெல்லாம். பொருத்தியது சுத்தமான வேலை: சரியான ஸ்க்ரூ, கத்தரி வெட்டு, சிமெண்ட் கிடையாது. பக்கத்தில் ஆலையும் இல்லை. ஷீட்டின் அடிப்பக்கம் அச்சடித்திருந்த சுருள் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அடுத்த மாதம் மல்லாங்கிணற்றில் அதே உரிதல். அதற்கடுத்து இருக்கன்குடிப் பக்கம். மூன்று ஊர், மூன்று பட்டறைக்காரர், ஒரே சுருள் எண். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் நிறம் டேப்போடு வந்துவிட்டது. முதல் தடவையாக முதல் கட்டத்தில் டிக் அடித்தேன், மூன்று தாளிலும்.

கம்பெனி சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது. சோதனைச்சாலை ஆட்கள் வந்தார்கள், துண்டு வெட்டி எடுத்துப்போனார்கள், குறையை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வாரண்டி என்பது குறைந்துகொண்டே வரும் சரக்கு. பத்து வருஷ அட்டையில் ஆறு வருஷம் முடிந்திருந்தால் மிச்சம் நான்கு வருஷத்துக்குத்தான் கணக்கு. 40,000 ரூபாய்க்கு ஷீட் வாங்கியவருக்கு 16,000. பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றும் கூலி கிடையாது. அருப்புக்கோட்டை வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற நெசவு மாஸ்டர், கணக்கைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "குத்தம் அவுகளதுன்னு நீங்களே எழுதிட்டீக. பொறகு கூலி மட்டும் ஏன் எம்மேல?" பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அதற்குப் பிறகு போன் குறைந்தது. மாதம் பத்து வந்தது நான்காயிற்று, பிறகு ஒன்று. யாரும் கோபமாகப் பேசவில்லை. கூலியையும் குறைக்கவில்லை; 800 அப்படியே 800. தூத்துக்குடியிலிருந்து வேறொருவர் வந்து எங்கள் வட்டாரத்தைப் பார்ப்பதாக மாமாதான் விசாரித்துச் சொன்னார். சித்தி மகன் சொன்ன விதியின் மறுபாதி அப்போதுதான் விளங்கியது. அண்ணாச்சி என்னைப் பார்க்கச் சொன்னது இந்த வீட்டுக் கூலியை. அது மாறவே இல்லை. அடுத்த வீடு வருமா வராதா என்பதில்தான் மாற்றம் இருந்தது. நான்கு வருஷம் அது தெரியாமல் எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு ஒரு வகையில் ஆறுதல். தெரிந்திருந்தால் அந்த முதல் கட்டத்தில் டிக் அடிக்கும்போது கை ஒரு கணமாவது நின்றிருக்கும்.

2019-இல் நானே எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்தினேன். அதே வேலையை இப்போது வீட்டுக்காரர் கூப்பிட்டால் செய்கிறேன். கூலி 600, நகல் மூன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, மறுவருஷம் ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வீட்டுக்காரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எங்கள் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வக்கீல் வைக்காமல் தாமே பேசலாம். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால்தான் குறை தெரியும் என்றால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். பிரச்சினை தெரிந்து இரண்டு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், அதுதான் முக்கியம். பலபேர் கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டே அந்த இரண்டு வருஷத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பில்லையும் சுருள் எண்ணையும். ஷீட் வண்டியிலிருந்து இறங்கும்போதே அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறிய பிறகு, அடியில் கூரைத்தட்டி அடித்துவிட்டால், அந்த எண்ணை யாரும் பார்க்க முடியாது. பில்லில் எத்தனை கிராம் பூச்சு என்று எழுதி வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எழுதி வாங்குங்கள்.

போன பங்குனிப் பொங்கலுக்கு முன்னால், ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, திருத்தங்கலிலிருந்து ஒரு போன். பேசியவர் வெல்டிங் பட்டறைக்காரர், அந்த அம்மாவின் ஷெட்டைப் போட்டவர். நான் பிற்பாடு கொண்டுபோய்க் கொடுத்த நகலை அந்த அம்மா எட்டு வருஷமாக அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருந்திருக்கிறார். ஓரத்து ஷீட்டை மாற்ற இப்போதுதான் காசு சேர்ந்ததாம். பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, வேலை தொடங்குவதற்கு முன் அந்தத் தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

"சார், சிமெண்டு வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அப்பச் சுவத்து ஓரத்த என்னத்த வச்சு அடைக்க?"

மடித்த தகரப்பட்டையைச் சுவரில் காடி எடுத்துச் செருகி, ஷீட்டின்மேல் ஒரு சாண் படிய விட்டு, இடைவெளிக்கு சீலண்ட் வைக்கச் சொன்னேன். அவர் மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "காடி எத்தன ஆழம் சார்?" என்றார். ஒரு அங்குலம் என்றேன். பக்கத்தில் அந்த அம்மாவின் குரல் கேட்டது: "அதையும் தாள்ல எழுதுப்பா. கொத்தனாருக்குக் காட்டணும்."